படம் எங்கே இருக்கிறது?



சென்ற ஆண்டு விழா முடிந்த மறுநாள், பிளஸ் டூ மாணவி ஒருத்தி கணினி அறைக்கு வந்தாள். "மிஸ், பாட்டு டீச்சருக்காக எடுத்த படத்தை நானே பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளட்டுமா? அம்மா பார்க்க வேண்டுமாம்" என்றாள். சரி என்றேன். அவளும் கணினியில் 'பாட்டு டீச்சர்' என்று பெயரிட்டிருந்த கோப்பைத் தேடிப் பிடித்து, ஒரே நொடியில் ஏற்றிக்கொண்டு மகிழ்ச்சியோடு போனாள். அந்த ஒரு நொடியிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். மறுநாள் முகம் வாடி வந்து நின்றாள். "வீட்டில் படமே வரவில்லை மிஸ். அளவைப் பார்த்தால் 400 கிலோபைட்டுதான் இருக்கிறது."

அருகில் இருந்த சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பத்து நாள் முன்புதான் அவளைவிடப் பெரிய தவறொன்றை நானே செய்திருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், அவள் கொண்டுபோனது எது, படம் எங்கே இருந்தது என்பதைப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு. முழு உயர்தரப் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும். ஆக ஒரே ஒரு சட்டகத்துக்கு 6 மெகாபைட்டுக்கு மேல். நொடிக்கு 25 சட்டகங்கள் என்றால் ஏறத்தாழ 155 மெகாபைட். இதை அப்படியே எழுதிவைக்கச் சாதாரண மெமரி கார்டுகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே கேமரா படத்தைச் சுருக்கி எழுதுகிறது. நம் பள்ளிக் கேமரா நொடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட் என்ற அளவில் எழுதும். நிமிடத்துக்கு 180, ஒரு மணி நேரத்துக்குப் பத்து கிகாபைட்டுக்கு மேல். இவ்வளவு சுருக்கிய பிறகும் நிலைமை இதுதான்! இந்த மூட்டையை ஒரு நொடியில் பென்டிரைவில் ஏற்ற முடியுமா? முடியாது. ஆகவே அவள் கொண்டுபோனது படம் அன்று.

அது திட்டக்கோப்பு, 'புராஜெக்ட்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதுதான். நாம் பயன்படுத்தும் கேடன்லைவ் என்னும் இலவச மென்பொருளில் அந்தக் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். எழுத்துகளைத் தட்டச்சும் சாதாரணச் செயலியில் திறந்தால் போதும். ஒளிவுமறைவு ஏதும் இல்லை. உள்ளே ஒரு படத்துண்டுகூட இருக்காது. வரி வரியாகக் குறிப்புகளே இருக்கும். இந்தப் பெயருள்ள கோப்பு, இந்தத் தட்டில், இந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது. அதில் 4 நிமிடம் 12 நொடியில் தொடங்கி 4 நிமிடம் 31 நொடி வரை காட்டுக. அடுத்து வேறொரு கோப்பில் இந்த இடத்திலிருந்து காட்டுக. நடுவே ஒன்று மங்கி மற்றொன்று தெளியட்டும். ஒலியைச் சற்றுக் குறைக்க. இவ்வளவுதான். நாள் முழுவதும் வெட்டுகிறோம், ஒட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. கேமரா தந்த கோப்பின்மேல் மென்பொருளின் கத்தி படுவதே இல்லை. நாம் எழுதுவதெல்லாம் முகவரிகளும் நேரங்களுமே.

முகவரி என்றால் அதற்கே உரிய தொல்லையும் உண்டு. பழனி சாலையில் இருந்த உங்கள் தோழி பேகம்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டாள், உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் பழைய முகவரிக்கு எழுதிய கடிதம் என்ன ஆகும்? தோழி நலமாகத்தான் இருக்கிறாள். கடிதம்தான் திரும்பி வரும். கோப்பை ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினாலும், பெயரைத் திருத்தினாலும் இதே கதைதான். மென்பொருள் பழைய முகவரியில் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'இந்தக் கோப்பைக் காணவில்லை' என்று திரும்பிவிடும். சில மென்பொருள்கள் படம் வரவேண்டிய இடத்தில் சிவப்புப் பலகையைக் காட்டும். முதன்முறை அதைப் பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும். கோப்பு வேறிடத்தில் பத்திரமாக இருக்குமானால் அஞ்ச வேண்டியதில்லை. புதிய முகவரியைக் காட்டினால் எல்லாம் திரும்பி வரும்.

கேடன்லைவ் இதில் கொஞ்சம் கெட்டிக்காரி. ஒரு கோப்பைச் சேர்க்கும்போதே அதன் அளவையும், அதன் தலைப்பகுதியையும் வால்பகுதியையும் படித்துக் கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளும். ஏறக்குறைய கைரேகை எடுத்துவைப்பது போல. பின்னால் கோப்பின் பெயரே மாறினாலும், 'இந்தத் தட்டு முழுக்கத் தேடு' என்று சொன்னால் ரேகையை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும்.

எல்லா மென்பொருள்களும் ஒரே வழியில் நடப்பதில்லை. அடோபி பிரீமியர், கோப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு முகவரியை மட்டும் எழுதிக்கொள்ளும். ஆப்பிள் கணினிகளில் உள்ள ஃபைனல் கட் புரோ, 'நூலகத்துக்குள் படியெடுத்து வைக்கட்டுமா, இருந்த இடத்திலேயே விடட்டுமா?' என்று நம்மையே கேட்கும். டாவின்சி ரிசால்வ் திட்டங்களைத் தனித்தனிக் கோப்புகளாக வைக்காமல் ஒரு தரவுத்தளத்தில் வைக்கிறது. புதிதாகப் பழகுபவர்கள் 'என் திட்டக்கோப்பு எங்கே?' என்று தட்டு முழுவதும் தேடிக் களைப்பது வழக்கம். அவிட் என்பது பழைய, கண்டிப்பான குடும்பம். 'அவிட் மீடியாஃபைல்ஸ்' என்று தன் பெயரிலேயே ஒரு கோப்புறை அமைத்து, அதற்குள் எண்ணிட்ட அறைகளில் கோப்புகளைத் தன் விருப்பப்படி பெயரிட்டு அடுக்கி, எது எங்கே என்ற பட்டியலையும் அங்கேயே வைத்திருக்கும். அந்த அறைக்குள் நாம் நுழைந்து அடுக்கைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது.

அவிட் என்றதும் தமிழ்ப் படவுலகின் ஞாபகம் வருகிறது. 1994 பொங்கலுக்கு வெளிவந்த, சந்தானபாரதி இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 'மகாநதி', இந்தியாவிலேயே அவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அதற்கு முன் சென்னைத் தொகுப்பறைகளில் கத்தரியும் ஒட்டுநாடாவும் மூவியோலா இயந்திரமுமே ஆட்சி செய்தன. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். அதாவது நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படமென்றால் 13,500 அடி. படப்பிடிப்பில் எடுத்துத் தள்ளியதோ அதைப் போலப் பல மடங்கு. இவ்வளவு நீளத்தில் ஒரு புன்னகையை, ஒரு திரும்பிப் பார்த்தலை எப்படித் தேடுவது?

அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டைக் கேட்டால் வியப்பாக இருக்கும். கேமராவில் ஓடிய மூலச்சுருளை, அதாவது நெகட்டிவை, தொகுப்பாளர் கைகளில் தருவதே இல்லை. அது ஆய்வகத்தில் பத்திரமாகக் கிடக்கும். அதிலிருந்து எடுத்த வேலைப்படியை மட்டுமே வெட்டி ஒட்டுவார்கள். கீறல் விழுந்தாலும் கவலை இல்லை; மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சுருளின் ஓரத்தில் அடிக்கு அடி எண்கள் பதிந்திருக்கும். அவை வேலைப்படியிலும் விழும். தொகுப்பு முடிந்ததும் அந்த எண்களைப் பார்த்து, நெகட்டிவை அதே இடங்களில் வெட்டிச் சேர்ப்பார்கள். மூலம் ஓரிடம், வேலைப்படி ஓரிடம், இரண்டையும் இணைப்பது ஓர எண். இன்று மூலக்கோப்பு, பதிலிக்கோப்பு, முகவரி என்று கணினியில் நாம் சொல்வது இதைத்தான். வெட்டிய துண்டுகளைத் தொங்கவிட, மேலே ஊசிகள் வரிசையாக அடித்து, கீழே துணிப்பை கட்டிய ஒரு தொட்டி இருக்கும். அதை 'பின்' என்பார்கள். கணினித் திரையில் படத்துண்டுகளை வகைப்படுத்தும் பெட்டிக்கு இன்றும் அதே பெயர்தான். துணிப்பை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒரு வேறுபாடு மட்டும் முக்கியம். அந்தக் காலத்து நெகட்டிவைக் காக்க ஆய்வகம் இருந்தது. அப்படி இருந்தும் நாம் இழந்தவை ஏராளம். தமிழின் முதல் பேசும்படமான 1931-இன் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நம் கணினி அறையில் ஆய்வகமும் நாமே, தொகுப்பாளரும் நாமே.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

பாட்டு டீச்சர் ஓய்வு பெறும் ஆண்டு அது. அவருக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்து விழாவில் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியைச் சகோதரி விரும்பினார். வத்தலக்குண்டு, நத்தம், ஒட்டன்சத்திரம் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து பழைய மாணவியர் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். மொட்டை மாடியில், மலைக்கோட்டை பின்னணியில் தெரிய, டீச்சர் தாமே மெட்டமைத்துக் கற்றுக்கொடுத்த பாடலைப் பாடினார்கள். இருபது ஆண்டுக்கு முன் பள்ளி நாடகத்துக்காகச் செய்த பாடல் அது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒருவருக்கு இரண்டாவது அடி மறந்துபோய், எல்லாரும் சிரித்து, மறுபடி தொடங்கினார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் மறுவாரமே துபாய் திரும்பிவிட்டார்.

அன்று மாலை மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். கோப்புகள் தெரிந்தன. வன்தட்டில் படியெடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவதே முறை என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்பவளே நான்தான். எனினும் நேரமாகிவிட்டது, கடைசிப் பேருந்து போய்விடும் என்ற அவசரம். கார்டிலிருந்தே இழுத்துப் போட்டுத் தொகுக்கத் தொடங்கினேன். இரண்டு மாலைகளில் தொகுப்பு அழகாக முடிந்தது. மூன்றாம் நாள் விளையாட்டு விழா. கேமராவுக்குக் கார்டு வேண்டும் என்று கேட்டார்கள். 'படந்தான் கணினியில் இருக்கிறதே' என்று எண்ணி எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் கார்டை அழித்துச் சுத்தம் செய்து, ஓட்டப் பந்தயமும் கபடியும் அணிவகுப்புமாக அது நிறையும் வரை எடுத்துத் தள்ளினார்கள். அழித்ததோடு நின்றிருந்தால் மீட்கும் மென்பொருள்களால் ஓரளவு முயன்றிருக்கலாம். அதன்மேல் புதிதாக எழுதிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

விழாவுக்கு முந்திய நாள், இறுதிப் படமாக எழுதி எடுக்கலாம் என்று திட்டத்தைத் திறந்தேன். 'கீழ்க்கண்ட கோப்புகள் காணப்படவில்லை' என்று ஒரு பட்டியல் வந்தது. அத்தனையும் கார்டின் முகவரிகள். திட்டக்கோப்பு மட்டும் என் உழைப்பை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்தது: 4 நிமிடம் 12 நொடி, 4 நிமிடம் 31 நொடி. எங்கே சிரித்தார்கள், எங்கே மறுபடி தொடங்கினார்கள் எல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் சிரிப்பு அதனிடம் இல்லை.

எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த நேரத்தில் என்னுடன் இருந்த அதே பிளஸ் டூ மாணவி, "தட்டில் இடமில்லை என்று வேறு சொல்கிறது மிஸ், இந்தத் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டாள். 'அழி' என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

தற்காலிகக் கோப்புகள் என்பவை யாவை? தொகுப்பு மென்பொருள் தன் வசதிக்காகப் பலவற்றைச் செய்து ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கும். காலக்கோட்டில் தெரியும் குட்டிப் படங்கள் ஒரு வகை. ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அலைவடிவங்கள் மற்றொரு வகை. இவற்றை அழித்தால் நட்டமில்லை. மூலக்கோப்பு இருக்கும்வரை மென்பொருள் மறுபடி செய்துகொள்ளும். மூன்றாவது ஒரு வகை உண்டு. பெரிய கோப்புகளை நம் பள்ளிக் கணினி போன்ற பழைய இயந்திரம் தடுமாறாமல் ஓட்ட முடியாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் சிறிய அளவில் ஒரு நகல் எடுத்து, தொகுக்கும்போது அதைக் காட்டும். இறுதிப் படம் எழுதும்போது மட்டும் மூலத்தைத் தேடிப் போகும். இதைத்தான் பிராக்ஸி என்பார்கள். பதிலி என்று நாம் சொல்லலாம். சினிமாக்காரர்களின் வேலைப்படிக்கு இது பேத்தி.

பழைய கணினியாயிற்றே என்று தொடக்கத்திலேயே பதிலி ஏற்பாட்டை நான் முடுக்கிவிட்டிருந்தேன். தேடிப் பார்த்தோம். தற்காலிகக் கோப்புறையின் அடியாழத்தில், பெயர் என்றே சொல்ல முடியாத எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவைகளைத் தலைப்பாகக் கொண்ட கோப்புகள் இருந்தன. ஒன்றைத் திறந்தோம். மொட்டை மாடி. ஆறு பேர். பாட்டு.

பதிலியின் அகலம் 640 புள்ளிகள்தாம். மூலத்தில் இருந்த புள்ளிகளில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரிய திரையில் முகங்கள் மங்கும். மலைக்கோட்டையின் மதில் வெறும் கோடாகத் தெரியும். ஒலி மட்டும் குறையின்றி இருந்தது. அவற்றை முதலில் வேறு தட்டில் படியெடுத்தோம். அதன் பிறகுதான் மூச்சுவிட்டேன். அப்புறம் 'பதிலிகளைக் கொண்டே எழுதுக' என்ற வாய்ப்பைத் தேர்ந்து இறுதிப் படத்தை எழுதினோம். இப்படி எழுதி வரும் படம் தனித்து நிற்கும் கோப்பு. யாருடைய முகவரியையும் நம்பி அது இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது இதைத்தான். அந்த மாணவிக்குப் பிறகு இதையே ஏற்றிக் கொடுத்தேன்.

திட்டத்தையே வேறு கணினிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. கேடன்லைவில் திட்டத்தை ஆவணமாகச் சேமிக்கும் கட்டளை, சிதறிக் கிடக்கும் எல்லாக் கோப்புகளையும் திரட்டி ஒரே இடத்தில் கட்டித் தரும். பிரீமியரில் புராஜெக்ட் மேனேஜர் இந்த வேலையைச் செய்கிறது. மூட்டை பெரிதாகத்தான் இருக்கும். பென்டிரைவில் இடமில்லை என்று முணுமுணுக்காதீர்கள்.

பெயர் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரா தானாக வைக்கும் பெயர்கள் வெறும் வரிசை எண்கள். கார்டை அழித்தால் சில கேமராக்கள் மறுபடி ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கும். ஆகவே பொங்கல் விழாவிலும் 00001, அறிவியல் கண்காட்சியிலும் 00001. இரண்டையும் ஒரே கோப்புறையில் கொட்டினால், 'பழையதன்மேல் புதியதை எழுதட்டுமா?' என்று கணினி கேட்கும். அவசரக்காரர்கள் 'ஆம்' என்று சொல்லிவிடுவார்கள். நாளும் நிகழ்ச்சியும் எழுதிய தனிக் கோப்புறை ஒவ்வொன்றுக்கும் வேண்டும். தொகுக்கத் தொடங்குமுன் இந்த ஒழுங்கைச் செய்துவிட வேண்டும். தொகுத்த பின் அடுக்கப் புகுந்தால் முகவரிகள் எல்லாம் மாறிப்போகும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கைப்பேசியில் படம் தொகுக்கும் செயலிகளிலும் இதே முகவரி முறைதான் பெரும்பாலும். பாதித் தொகுப்பில் இருக்கும்போது, இடம் போதவில்லையென்று காட்சியகத்திலிருந்து மூலப்படத்தை அழித்தால், செயலிக்குள் இருக்கும் வரைவு குருடாகிவிடும். செயலியையே நீக்கினால் வரைவுகளும் அதனோடு போய்விடக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறோமே என்று எண்ணி மூலத்தை அழிப்பவர்களும் உண்டு. அங்கே வீடியோவாகப் போவது சுருக்கப்பட்ட படம். ஆவணமாக அனுப்பினால்தான் அசல் அப்படியே போகும்.

விழாவன்று படத்தைத் திரை முழுவதும் பெரிதாக்கவில்லை. நடுவில் சிறிதாக வைத்து, சுற்றிலும் மாணவியர் வரைந்த மல்லிகைச் சரத்தைக் கரையாக அமைத்தோம். அலங்காரம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாட்டு டீச்சர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். இரண்டாவது அடி மறந்து ஆறு பேரும் சிரித்த இடம் வந்தபோது, அந்த அடியை அவர் தம் இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பதிலிகளும் திட்டக்கோப்பும் இறுதிப் படமும் இப்போது இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று கணினி அறையில். மற்றொன்று நூலக அலமாரியில், நம்மூர் மாங்காய்ப் பூட்டுப் போட்டு. சாவி நூலகச் சகோதரியிடம்.